தட்சிணாமூர்த்தி என்கிற எல்லோரும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் மாநில மென்பொருள் ஒருங்கிணைப்பு நிறுவனத்தில் தட்சிணாமூர்த்தியைப் போல வேலை செய்கிறவர் ஒருவரும் கிடையாது. ஒரே நேரத்தில் நாலைந்து திட்டங்களில் கை வைப்பார். தீபாவளிக்கு மறுநாளும் வேலை செய்வார். டீ குடிக்கப் போக மாட்டார், லீவு கேட்க மாட்டார், சம்பள உயர்வு என்ற பேச்சையே எடுக்க மாட்டார். அவரிடம் ஒரே ஒரு குறைதான். அவர் அந்த நிறுவனத்தில் இல்லை. வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்கு ஆகிறது.

இது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சமாசாரம் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ரேஷன் கடையில் வேறொருவர் கார்டில் சர்க்கரை வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது புரியும்.

அந்த நிறுவனத்தில் எழுதப்படும் புரோகிராம்களும் கையேடுகளும் ரெப்போ என்ற ஒரு கிடங்கில் இருக்கின்றன. யார், என்றைக்கு, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதைக் கிடங்கு மறக்கவே மறக்காது. அதற்குள் போகச் சாவி வேண்டும். இரும்புச் சாவி இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சின்ன ஃபைல். சாவியைப் பார்த்ததும் கிடங்கு ஆளை அடையாளம் கண்டு, பெயர் சொல்லி வணக்கம் வைக்கும். தட்சிணாமூர்த்தி அங்கே சிஸ்டம் ஆபரேட்டராக இருந்தபோது முதல் கம்ப்யூட்டரைத் தயார் செய்து தன் சாவியை அதில் வைத்தார். பிறகு வந்த கம்ப்யூட்டர்களைத் தனித்தனியாகத் தயார் செய்யச் சோம்பல்பட்ட நிர்வாகம், முதலாவதை அப்படியே நகலெடுத்து மற்ற எல்லாவற்றிலும் இறக்கியது. சாவியும் கூடவே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் யார் எதைச் செய்து அனுப்பினாலும் கிடங்கு "வணக்கம் தட்சிணாமூர்த்தி" என்றது. எல்லோருடைய வேலையும் அவர் பெயரில் ஏறியது.

அந்தச் சாவியை அழித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பழைய திட்டங்கள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அழித்தால் என்னென்ன நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை.

இந்த இடத்தில்தான் சபீனா ஆவண எழுத்தராக வந்து சேர்ந்தாள். புரோகிராம்களை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதும் வேலை. ஊர் மேலப்பாளையம். நூம்பலில் ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறை எடுத்திருந்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் பேசுவார்கள். வேலப்பன்சாவடிக்கு நடந்து, பஸ் பிடித்து, அம்பத்தூர் வந்து, திரும்பிப் போவாள். இடையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு அவசியம் ஏற்பட்டதில்லை.

ஆபீஸில் ஏற்படாததற்கு ஒரு காரணம் இருந்தது. நிறுவனம் 'அமைதிப் பணியிடம்' என்ற தரச் சான்றிதழ் வாங்கியிருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ள, பணி நேரத்தில் வாய் திறந்து பேசுவது தடை செய்யப்பட்டிருந்தது. எதுவானாலும் கம்ப்யூட்டரில் டிக்கெட் என்கிற கோரிக்கைச் சீட்டு போட வேண்டும். சபீனா ஒருமுறை பக்கத்துச் சீட் ரோஷினியிடம் ஸ்டேப்ளர் கேட்டு டிக்கெட் போட்டாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த ரோஷினி, "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பதில் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து ஸ்டேப்ளர் வந்தது. ரோஷினி தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாள் என்பது சபீனாவுக்குத் தெரியும். குரல் எப்படி இருக்கும் என்பது தெரியாது.

ராத்திரி உம்மா போனில் "சாப்ட்டியாளா?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல வாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வந்தது. அன்றைக்கு அவள் பேசுகிற முதல் வார்த்தை பல நாள் அந்தப் பதிலாகவே இருந்தது. தனிமையில் இப்படியும் ஒரு வகை இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே போக்கிடம் கிடங்குதான். ஒவ்வொரு மாற்றத்தை அனுப்பும்போதும் 'ஏன் மாற்றினீர்கள்?' என்று கேட்டு ஒரு கட்டம் திறக்கும். எதையாவது எழுதினால்தான் உள்ளே விடும். முதல் வாரம் 'எழுத்துப் பிழை திருத்தம்' என்று எழுதினாள். இதை ஒருவரும் படிப்பதில்லை என்று தெரிந்த பிறகு கை கொஞ்சம் தாராளமானது. 'பக்கம் ஏழில் காற்புள்ளி சேர்த்தேன். என் பெயர் சபீனா. காலையிலிருந்து நான் ஒருவரிடமும் பேசவில்லை. டிக்கெட் கணக்கில் வராது.' 'இன்று பெருநாள். லீவு தரவில்லை. உம்மா வீடியோவில் பிரியாணியைக் காட்டினாள். முன்னுரையில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினேன்.' எழுதி அனுப்பியதும் கிடங்கு, "வணக்கம் தட்சிணாமூர்த்தி" என்று வாங்கிக்கொள்ளும்.

தகுதிகாண் பருவம் முடிகிற சமயத்தில் பணியாளர் நலப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அதிகாரி இராமகிருஷ்ணன் கழுத்தில் 'பேச அனுமதிக்கப்பட்டவர்' என்ற அட்டை தொங்கியது.

"என்னம்மா, சேர்ந்த நாள்லேருந்து உங்க பேர்ல ஒரு வரி கூட இல்லையே?"

"எல்லாக் கையேடும் நான் எழுதினதுதான் சார்."

"அதெல்லாம் தட்சிணாமூர்த்தி எழுதினதுன்னு ரிப்போர்ட் சொல்லுது. ரொம்ப நல்லா எழுதறார். படிக்கல. பக்கத்தை எண்ணிப் பார்த்தேன்."

"அவர் வேலைய விட்டுப் போயிட்டார்னு சொன்னாங்களே சார்?"

"ஆமா, நான்தான் ரிலீவ் பண்ணினேன். நல்ல மனுஷன். போனதுக்கப்புறம் இன்னும் நல்லா வேலை செய்யறார்."

சபீனா பொறுமையாக விளக்கினாள். பழைய சாவியைத் தொட வேண்டாம். ஆளுக்கு ஒரு புதுச் சாவி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எது யாருக்கு என்று குழம்பாமல் இருக்க, எஸ்.எஸ்.எச். என்கிற வாசல் வழியாகப் போகும்போது கிடங்குக்கு ஒரு மாற்றுப்பெயர் வைத்தால் போதும், ஏலியாஸ் என்பார்கள். அமைப்பு ஃபைலில் நாலே வரி. 'இந்தப் பெயரைச் சொன்னால் அந்தக் கிடங்குக்குப் போ, இந்தச் சாவியை எடு.' அவ்வளவுதான், அவரவர் வேலை அவரவர் பெயரில் ஏறும்.

"அப்ப அதை எழுதிக் குடுங்க," என்றார் இராமகிருஷ்ணன். "ஒப்புதல் வந்ததும் செய்யலாம். ஒப்புதல் இல்லாம செஞ்சா ஒழுங்கு நடவடிக்கை. தகுதிகாண் முடியறதுக்குள்ள உங்க பேர்ல ஏதாவது இருந்தா நிரந்தரம். இல்லேன்னா, நீங்க வேலைக்கே வரலைன்னு அர்த்தம்."

வேலை போனால் மேலப்பாளையம் திரும்ப வேண்டும். வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், அவளுக்கு அதுதான் பயம். மூன்று பெண்களில் அவள் ஒருத்திதான் தாலுகாவைத் தாண்டி வேலைக்கு வந்தவள். அதைவிட, அத்தனை கையேடுகளை எழுதியவள் வேலைக்கே வரவில்லை என்று ஆகிவிடுமே, அது அவளுக்குத் தாங்கவில்லை. அன்றே உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினாள். சுத்தமான அரைப் பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

புரிகிற ஆவணம் என்றதும் நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது பாதுகாப்புப் பிரிவுக்குப் போனது.

பாதுகாப்பு அதிகாரி தமிழரசு கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "இதுல ஆளுக்கு ரெண்டு சாவின்னு இருக்கு. ஒண்ணு பொதுச் சாவி, இன்னொண்ணு தனிச் சாவி. தனின்னா பிரைவேட்டா?"

"ஆமா சார். அதை யாருக்கும் காட்டக் கூடாது. பொதுச் சாவியை யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்."

"தப்பு," என்றார் தமிழரசு. "இது அரசு சார்ந்த நிறுவனம்மா. இங்க ஒளிவு மறைவா பிரைவேட்டா எதுவும் கிடையாது. பொதுச் சாவி பொதுச் சொத்து, அதைப் பெட்டகத்துல வெச்சுப் பூட்டணும். தனிச் சாவியை வாசல்ல பேர் எழுதி ஆணியில மாட்டுங்க. அவசரத்துக்கு யாராவது எடுத்துப்பாங்க. நான் இருபது வருஷமா பாதுகாப்புல இருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணும் திருட்டுப் போனதில்ல. போன பொருள் எதுவும் எங்க பட்டியல்லயே இருந்ததில்ல."

அவர் சொன்னது பத்துப் பக்கமாகச் சேர்க்கப்பட்டு ஆவணம் சட்டப் பிரிவுக்கு நகர்ந்தது. சட்ட அலுவலர் சரசா 'மாற்றுப்பெயர்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார்.

"ஏலியாஸ்னா என்னன்னு தெரியுமா உனக்கு? பேருக்கு நடுவுல 'என்கிற'ன்னு ஒரு 'எ' போடறது. 'பாபு எ பிளேடு பாபு.' என் சர்வீஸ்ல 'எ' போட்ட ஒருத்தனும் யோக்கியனா இருந்ததில்ல. ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் வேணும்னா அரசிதழ்ல வரணும். அதுவரைக்கும், அந்த மாற்றுப்பேர்ல வழக்கு எதுவும் இல்லைன்னு போலீஸ்ல சான்று வாங்கிட்டு வா."

"அது ஆளுக்கு இல்ல மேடம், கிடங்கு இருக்கற சர்வர் கம்ப்யூட்டருக்கு."

"யாரா இருந்தா என்ன? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சபீனா காவல் நிலையம் போனாள். ஏட்டு ஒருவர் விண்ணப்பத்தை இருமுறை படித்தார்.

"மாத்துப்பேரு உனக்காம்மா?"

"இல்ல சார், சர்வருக்கு."

"சர்வரா? எந்த ஓட்டல்?"

அவள் ஓட்டல் இல்லை என்று விளக்க ஆரம்பித்தாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி, "நிக்காத, உக்காரு. ஊரு எது?" என்று கேட்டார். மேலப்பாளையம் என்றாள். அவ்வளவு தூரத்திலிருந்தா என்றார். அவ்வளவுதான். சபீனா பேசத் தொடங்கினாள். உம்மா, வாப்பா, அக்காமார், நூம்பல் மாடியில் மழைத் தண்ணீர் வடியாதது, ஸ்டேப்ளர் வர இரண்டு நாள் ஆனது எல்லாம் சொன்னாள். எதற்கு இதையெல்லாம் சொல்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஏட்டு டீ சொல்லிவிட்டு, கடைசியில் எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி பெயரில் உள்ள சர்வர் மீது இந்நிலையத்தில் வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை.' திரும்பும் வழியில், மறுபடியும் ஏதாவது சான்று கேட்கமாட்டார்களா என்று அவள் நினைத்துக்கொண்டே போனாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக ஏங்குகிற அளவுக்கு அந்த ஆபீஸ் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டிருந்தது.

அடுத்து மொழிப் பிரிவு. அவர்கள் அந்த நாலு வரியில் சர்வரைக் குறிக்கிற 'ஹோஸ்ட்' என்ற சொல்லை 'விருந்தோம்புநர்' என்று மாற்றினார்கள். தமிழில் எழுதினால் அந்த ஃபைல் வேலை செய்யாது என்று சபீனா டிக்கெட் போட்டாள். 'வேலை செய்யாதது ஃபைலின் குறை, மொழியின் குறை அல்ல' என்று பதில் வந்தது. திருத்திய ஆவணம் சுற்றறிக்கையாகவும் போனது: விருந்தோம்புநர் அனைவரும் தங்கள் சாவியை வாசலில் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் கேண்டீன் வேம்புலி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அமைதிப் பணியிடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

"இன்னாம்மா இது? நீதான் எய்தினன்னு சொல்றாங்க. கேண்டீன் சாவிய புடுங்கி ஆணில மாட்டிக்கீறாங்க. காத்தால நான் எப்டி தொறந்து டீ போடறது?"

"அண்ணே, அது நீங்க இல்ல. விருந்தோம்புநர்னா இங்க கம்ப்யூட்டர்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

"கம்ப்யூட்டரா? அது டீ போடுமா?"

"இல்ல. வணக்கம் சொல்லும்."

"அவ்ளோதானா?" என்றார் வேம்புலி, அந்த விருந்தோம்பலின் தரத்தை நினைத்து முகம் சுளித்தபடி. சாவி திரும்பி வரும் வரை ஒரு வாரம் கேண்டீன் பூட்டிக் கிடந்தது. எல்லோருக்கும் தலைவலி. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதற்குள் அரைப் பக்கம் கல்யாண மண்டப ஆல்பம் கனத்துக்கு வந்துவிட்டது. அவள் எழுதிய நாலு வரி பின்னிணைப்பு ஒன்றின் அடிக்குறிப்பில் இருந்தது.

அப்போதுதான் ஆண்டு விழா வந்தது. அன்று ஒருநாள் மட்டும் கைதட்ட அனுமதி. இயக்குநர் சரவணக்குமார் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஆண்டும் சிறந்த பணியாளர் விருது திரு. தட்சிணாமூர்த்திக்கே! நான் இவரை நேரில் பார்த்ததில்லை. அதுவே அவருடைய பெருமை. ஒரு நல்ல பணியாளர் நிர்வாகத்தின் கண்ணில் படக் கூடாது. இவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. என் அறைக் கதவைத் தட்டியதில்லை. கல்லால மரத்தடியில் மௌனமாக இருந்தே உபதேசம் செய்த அந்தக் கடவுளின் பெயரை வைத்துக்கொண்டு, மௌனமாகவே உழைக்கிறார். நீங்கள் எல்லோரும் இவரைப் போல ஆக வேண்டும். இங்கே இருந்தாலும் இல்லாததுபோல இருக்க வேண்டும்!"

கைதட்டல். மேடைக்கு யாரும் வரவில்லை. "வேலையா இருப்பார்," என்றார் இயக்குநர் நெகிழ்ச்சியுடன். ஷீல்டை என்ன செய்வது என்று தெரியாமல், தட்சிணாமூர்த்தி சம்பந்தமாக ஆவணம் எழுதுகிறவள் என்ற முறையில் சபீனாவிடம் கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடச் சொன்னார்கள். இராமகிருஷ்ணன் முகவரி கொடுத்தார். திருநின்றவூர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினாள். ஆவடியில் பாதிப் பெட்டி காலியானது. திருநின்றவூரில் இறங்கி ஏரிப் பக்கம் விசாரித்துப் போனபோது, தண்ணீர் கேன்கள் அடுக்கிய ஒரு சின்னக் கடையில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் லுங்கியுடன் உட்கார்ந்திருந்தார். அவள் கையில் ஷீல்டைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீ சபீனாதான?"

அவளுக்குப் புரியவில்லை. "என்னை எப்படித் தெரியும்?"

"குந்தும்மா மொதல்ல. வெயில்ல வந்துகீற." ஒரு காலி கேனைத் துடைத்துக் கவிழ்த்துப் போட்டார். "நான் அங்க சேந்தப்ப ஆபீஸ் மெயில் குடுக்க அப்ரூவல் வர்ல. அதனால என் சொந்த மெயிலதான் அந்தக் கெடங்குல போட்டு வெச்சேன். அத அவுங்க மாத்தவேயில்ல. யார் இன்னா மாத்துனாலும் 'நீங்கள் செய்த மாற்றம்'னு எனக்கு வந்துகினே கீது. மொதல்ல காண்டாச்சு. உட்டுட்டு வந்த வேலை ஊட்டுக்கே வந்துகினு கீதேன்னு. அப்பால நீ எய்த ஆரம்பிச்ச. ஷீல்ட எடுத்தாறப் போறேன்னும் எய்தியிருந்தியே."

சபீனாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"ஒண்ணு உடாம. காத்தால கேன் போட்டுட்டு வந்து இட்லி துன்னுகினே படிப்பேன். ஒரு நாள் வர்லன்னா, புள்ளைக்கு இன்னா ஜுரமோன்னு தோணும். ஊட்டுக்காரி பார்வதம் மஸ்கட்ல நர்ஸு. வாரத்துக்கு ஒரு தபா போன் பண்ணும். மீதி நாள்ல எனக்கு வர்றது உன் மெயிலு ஒண்ணுதான்." அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டார். "பதில் கூட போட்டேன்மா. பெருநாள் அன்னிக்கு, 'இங்க வா, பிரியாணி வாங்கியாறேன்'னு போட்டேன். 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்பாதீர்கள்'னு திரும்பி வந்துட்சு."

சபீனா அழுதாள். கூச்சமாக இருந்தது, இருந்தாலும் அழுதாள். ஒருவரும் இல்லை என்று நினைத்து எழுதிய ஒவ்வொரு நாளும் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் அழுகையைத் தடுக்கவில்லை. ஷீல்டை வாங்கி, ஆடிக்கொண்டிருந்த கேன் ஸ்டாண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். கச்சிதமாக நின்றது.

"அந்த மாத்துப்பேரு அரைப் பக்கத்தயும் படிச்சேன். சூப்பரா எய்திக்கீற. அது வந்துட்சுனா எனக்கு மெயில் நின்னுடும், இல்ல?"

அவள் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"நிக்கட்டும்மா. உன் வேலை உன் பேர்லதான் ஏறணும். என் பேர வெச்சிகினு நீ இன்னாத்துக்கு அவஸ்தப்படணும்?"

மறுவாரம் ஒப்புதல் குழு கூடியது. இயக்குநர், இராமகிருஷ்ணன், தமிழரசு, சரசா எல்லோரும் பேச அனுமதி அட்டையுடன் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சபீனா.

"அருமையான ஆவணம்மா," என்றார் இயக்குநர். "ஒப்புதல் குடுத்துட்டோம். ஒரே ஒரு திருத்தம். ஒவ்வொரு இடத்துலயும் 'உங்கள் பெயர்'னு எழுதியிருக்கீங்க. அங்க எல்லாம் 'தட்சிணாமூர்த்தி'ன்னு போட்டுடுங்க."

"அப்படிப் போட்டா எல்லாமே மறுபடியும் அவர் பேர்லதானே சார் போகும்?"

"போகட்டுமே. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்குப் புரியாது. ஆளாளுக்கு அவங்கவங்க பேர்ல வேலை செஞ்சா, யார் எவ்வளவு செய்யறாங்கன்னு தெரிஞ்சுபோயிடும். யார் செய்யலைன்னும் தெரிஞ்சுபோயிடும். இப்ப பாருங்க, ஒருத்தர் வேலை செய்யறார், நாங்க எல்லாரும் மேற்பார்வை செய்யறோம். எவ்வளவு நிம்மதியா ஓடுது! இதைக் கெடுக்கலாமா?"

மற்றவர்கள் மெதுவாகத் தலையாட்டினார்கள். இராமகிருஷ்ணன் ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

"உங்க பேர்ல ஒண்ணும் இல்லாததால சபீனாவை நிரந்தரம் பண்ண வழியில்ல. ஆனா தட்சிணாமூர்த்தி பதவி காலியா இருக்கு. 'சபீனா எ தட்சிணாமூர்த்தி'ன்னு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே நிரந்தரம். பழைய சீனியாரிட்டியும் வரும்."

"அரசிதழ் வேலையை நான் பாத்துக்கறேன்," என்றார் சரசா தாராளமாக.

ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். வேலை நிற்கும், வாப்பா முகத்தில் விழிக்கலாம், திருநின்றவூருக்கு மெயில் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் உம்மா போன் செய்து 'சாப்ட்டியாளா' என்று கேட்டால் தட்சிணாமூர்த்தியா பதில் சொல்வது? அவள் பேனாவை எடுக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

சீட்டில் உட்கார்ந்து, ஆல்பம் கனத்தில் இருந்ததை எல்லாம் அழித்தாள். பழைய அரைப் பக்கத்தை மீண்டும் வைத்தாள். 'உங்கள் பெயர்' என்றே இருந்தது. அவளுடைய சொந்தச் சாவி என்றைக்கோ தயார். நாலு வரியும் தயார். ஒரு தட்டுத் தட்டினால் அவள் பெயரில் போய்ச் சேரும். தட்டப் போனவள் நிறுத்தினாள். அவள் பெயரில் போனால் அந்தக் குறிப்பு அவளுக்கேதான் வரும். படிக்க வேண்டிய ஆளிடம் போய்ச் சேராது.

அதனால், தன் பெயருக்காக அவ்வளவு அலைந்தவள், தெரிந்தே ஒரே ஒரு தடவை தட்சிணாமூர்த்தியின் சாவியை எடுத்தாள். 'ஏன் மாற்றினீர்கள்?' என்ற கட்டத்தில் எழுதினாள்: 'அண்ணே, என்னையும் நீங்களாக இருக்கச் சொல்கிறார்கள். என்னால் முடியவில்லை. ராஜினாமா செய்கிறேன். இனி மெயில் வராது. இது என் நம்பர்.' நம்பரையும் போட்டு அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

குறிப்புகளை அங்கே மனிதர்கள் யாரும் படிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் ராஜினாமா என்ற சொல் எங்கே வந்தாலும் பணியாளர் நலப் பிரிவில் மணி அடிக்க ஓர் ஏற்பாடு இருந்தது. மணி அடித்தது. தட்சிணாமூர்த்தி ராஜினாமா செய்துவிட்டார் என்ற செய்தி ஒரே நிமிஷத்தில் கட்டடம் முழுக்கப் பரவியது. அமைதிப் பணியிடத்தில் முதல் முறையாக அட்டை இல்லாதவர்களின் குரல்களும் கூட்டமாகக் கேட்டன. "ஐயோ, அவர் போயிட்டா யார் வேலை செய்யறது?" என்று ரோஷினி அலறினாள். நல்ல கணீரென்ற குரல். இயக்குநர் அறையிலிருந்து ஓடி வந்தார். ராஜினாமா உடனே நிராகரிக்கப்பட்டது, பதவி உயர்வும் இரட்டை இன்கிரிமென்டும் அங்கேயே அறிவிக்கப்பட்டன. இந்தக் களேபரத்துக்கு நடுவே சபீனா எல்லோரையும் தாண்டி நடந்து, படியிறங்கி, கேட்டைத் தாண்டிப் போனாள். அவள் போவதை யாரும் கவனிக்கவில்லை. இன்றுவரை அங்கே யாருக்கும் தெரியாது.

பஸ் வானகரம் தாண்டும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அலோ, யார்மா பேசறது?" என்றது குரல். போன் செய்தவரே எதிர்முனையில் யார் என்று கேட்பது நம் வழக்கம்தான். ஆனால் அவள் வந்து சேர்ந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"சபீனா," என்றாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "சபீனா பேசறேன்ணே!" என்றாள்.